கல்லூரி என்றால் எத்தனையாம் தரம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையின் கிழக்கு மாகாணப் பக்கத்தில் ‘கல்லூரி மாணவன்’ என்று ஒருவன் வந்தால் அவனுக்கு 13 வயதாக இருக்கலாம். அடுத்த பக்கத்தில் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும் செய்தியில் இன்னொரு ‘கல்லூரி மாணவன்’. அவனுக்கு 20 வயது. எழுத்துக்கு எழுத்து ஒரே சொல். இங்கே பிறந்து வளர்ந்த நாம் ஊரின் பெயரைப் பார்த்தவுடன் வயதை மனத்துக்குள் மாற்றிக்கொண்டு வாசித்துவிடுகிறோம். வெளிநாட்டு விண்ணப்பப் படிவத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. சான்றிதழ் மொழிபெயர்ப்பு வேலையில் அன்றாடம் காலில் இடறுகிற சொல் இது என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பேச்சை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற அம்மா “எங்க மகன் படிக்காய்?” என்று கேட்டால் “சென்ட்ரல்ல”, “மைக்கல்ல”, “சிவானந்தாவில” என்றுதான் பதில் வரும். கல்லூரி என்று யாரும் வாயால் சொல்வதில்லை. பொதுவாகச் சொன்னால் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் ஸ்கூல். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் வெறும் ‘பள்ளி’ என்றால் அது பள்ளிவாசல், ஆகவே அங்கே ‘கூடம்’ கட்டாயம். பல்கலைக்கழகம் கிடைத்தவனைப் பற்றி “கம்பஸ் கிடைச்சிட்டு” என்பார்கள். தொழினுட்பக் கல்லூரிக்குப் போகிறவன் “டெக்குக்குப் போறான்”. இப்படிப் பார்த்தால் கல்லூரி என்பது பெயர்ப்பலகையிலும் பரிசளிப்பு விழா அழைப்பிதழிலும் இறப்பர் முத்திரையிலும் குடியிருக்கிற சொல். குழப்பமும் அங்கேதான் பிறக்கிறது, ஏனென்றால் படிவத்தில் எழுதும்போது நாம் வாயில் உள்ளதை விட்டுவிட்டு முத்திரையில் உள்ளதை எழுதுகிறோம்.

அந்த முத்திரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். ‘மட்/புனித மிக்கேல் கல்லூரி தேசிய பாடசாலை’. ஒரே வரியில் கல்லூரியும் இருக்கிறது, பாடசாலையும் இருக்கிறது. இது பிழையென்று நினைத்து ஒன்றை வெட்டிவிட்டு மொழிபெயர்க்கிறவர்களும் உண்டு. வெட்டக்கூடாது. கல்லூரி என்பது அதன் பெயர். தேசிய பாடசாலை என்பது அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது: மாகாண சபையின் கீழ் வராமல், மத்திய கல்வி அமைச்சின் நேரடி நிர்வாகத்தில் உள்ள பாடசாலை. முன்னால் சாய்கோட்டோடு நிற்கிற ‘மட்/’ தான் மூன்றிலும் பயனுள்ள துண்டு. மட்/ (மட்டக்களப்பு), மட்/பட்/ (பட்டிருப்பு), கமு/ (கல்முனை) என்று மாவட்டத்தையோ கல்வி வலயத்தையோ குறிக்கும் இந்த ஒட்டு அரச பாடசாலைகளுக்கு மட்டுமே உரியது. சாய்கோடு இருந்தால், பின்னால் வருவது கல்லூரியானாலும் வித்தியாலயமானாலும், அது தரம் 13க்கு, அதாவது 13ஆம் வகுப்புக்கு, மேல் போகாத பள்ளிக்கூடம். ஆங்கிலத்தில் எழுதும்போது இது பீ.ரீ./, கே.எம்./ என்று மாறும். பலர் இதை ஏதோ கோவை இலக்கம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

பாடசாலையின் பெயருக்கும் அதன் தரத்துக்கும் தொடர்பே இல்லை என்பதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அரசு பாடசாலைகளை வகுத்திருப்பது வேறு விதத்தில்: உயர்தரத்தில் (தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1 ஏபி, கலை, வர்த்தகம் மட்டும் உள்ளவை 1 சி, தரம் 11 வரை உள்ளவை வகை 2, ஆரம்பப் பிரிவோடு, அல்லது தரம் 8 அளவில், நின்றுவிடுபவை வகை 3. இந்தப் பட்டியலில் கல்லூரி என்ற சொல்லே கிடையாது. கல்லடி உப்போடையில் விபுலாநந்த அடிகள் 1929இல் தொடங்கிய சிவானந்தா, பெயரில் வித்தியாலயம். அங்கேயும் உயர்தரம் இருக்கிறது, மட்டக்களப்பு நகரத்துக் ‘கல்லூரி’களிலும் அதே உயர்தரம்தான். பெயரை வைத்து ஒன்று மேல், ஒன்று கீழ் என்று எண்ணுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

இதைவிடக் குழப்பமானது ‘உயர்தரப் பாடசாலை’. மட்டக்களப்பு வின்சன்ட் மகளிர் உயர்தரப் பாடசாலை, கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை ஆகிய இரண்டிலும் ‘உயர்தர’ என்பது ஆங்கிலத்தில் ஹை ஸ்கூல் என்று இருந்த பழைய பெயரின் தமிழ். க.பொ.த. உயர்தரத்துக்கும் அதற்கும் உறவில்லை. வெளியூர் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கையில் இது அகப்பட்டால் ‘அட்வான்ஸ்ட் லெவல் ஸ்கூல்’ என்று ஆகிவிடும். பிறகு, தரம் 6இல் சேர்ந்த பிள்ளை அட்வான்ஸ்ட் லெவல் பள்ளியில் எப்படி இருந்தாள் என்று மறு கேள்வி வரும்.

‘மத்திய’ என்பதிலும் இரண்டு வரலாறு உண்டு. மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வேர், மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் ஐயர் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய பள்ளிக்கூடம். அங்கே ‘மத்திய’ என்பது மிஷன்காரர் வைத்த பெயர். சுற்றுவட்டத்துச் சிறு பள்ளிகளுக்கு நடுநாயகமான பள்ளி. யாழ்ப்பாணத்து மத்திய கல்லூரியும் மெதடிஸ்தரின் பழைய பள்ளிதான். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் கிராமப் பிள்ளைகளுக்கென நாடு முழுவதும் எழுந்த 54 மத்திய பாடசாலைகள் வேறு வழியில் வந்தவை. இரண்டிலும் ‘மத்திய’ என்பதற்கு மத்திய அரசு என்று பொருள் இல்லை. நடுத்தரம் என்றும் இல்லை.

சரி, பள்ளிக்கூடத்துக்கு ஏன் கல்லூரி என்று பெயர்? தமிழைக் குறை சொல்ல இடமில்லை. கல்லூரி என்ற சொல் சீவக சிந்தாமணியிலேயே இருக்கிறது. கற்கும் இடம் என்றுதான் அதன் பொருள், எத்தனை வயதில் கற்பது என்று அது சொல்லவில்லை. கொலேஜ் என்ற சொல்லும் அப்படித்தான். இலத்தீனில் கொலேஜியம் என்றால் ஒரே தொழிலோ ஒரே பொறுப்போ உடையவர்கள் சேர்ந்த கூட்டம். ரோமாபுரியில் கைவினைஞர்களுக்கும் பூசகர்களுக்கும் அப்படிக் கூட்டங்கள் இருந்தன. கட்டடமும் வகுப்பறையும் பிறகு வந்தவை. ஒன்றாக வாழ்ந்து படிக்கிற கூட்டம் என்ற கருத்தில்தான் இங்கிலாந்தில் 1382இல் வின்செஸ்டரும் 1440இல் ஈட்டனும் சிறுவர்களுக்கான கொலேஜ்களாக ஏற்பட்டன. அந்த மாதிரி நமது நாட்டுக்கும் வந்தது. கொழும்பு அகடமி 1881இல் ரோயல் கொலேஜ் ஆனது; மற்றப் பெரிய பள்ளிகளுக்கும் அந்தப் பெயரில் ஆசை. பிறகு அது பரிசுப் பட்டம் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வித்தியாலயம் நன்றாக வளர்ந்ததும் பழைய மாணவர் சங்கம் முதலில் கேட்பது பெயர் மாற்றம்தான், ஆய்வுகூடம் அதற்குப் பிறகுதான்.

இந்தியாவுக்கு ஆங்கிலேயர் கொண்டுபோனது கொலேஜின் வேறொரு வடிவம்: பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும், அதோடு இணைந்த கல்லூரி பாடம் நடத்தும். ஆகவே தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன்தான் ‘காலேஜ்’ போகிறான். நமது பிள்ளைகள் படத்திலும் தொடர் நாடகத்திலும் கேட்பது இந்தக் ‘காலேஜ்’. நாம் உச்சரிப்பது ‘கொலேஜ்’. உச்சரிப்பு மாறினால் பொருளும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால்கூடத் தேவலை.

இலங்கையில் அந்த இந்தியப் பொருள் இல்லாமலும் இல்லை. 1921இல் கொழும்பில் தொடங்கி 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை இருந்தது பல்கலைக்கழகக் கல்லூரி; அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சை. நமது மாவட்டத்திலேயே இதற்கு ஓர் அருமையான சாட்சி வந்தாறுமூலை. மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளாகத்தில் 1981 ஓகஸ்ட் 1இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. 1986 ஒக்டோபர் 1இல் அதுவே கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. ஒரே நிலத்தில் மூன்று படி. அந்த இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் சேர்ந்தவர்களின் பழைய கடிதங்களில் ‘கல்லூரி’ என்று இருக்கும். அதைப் பள்ளிக்கூடம் என்று மொழிபெயர்த்தால் ஒருவருடைய பல்கலைக்கழகக் காலமே காணாமல் போய்விடும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் ஆனது.

உயர்தரத்துக்குப் பிறகு போகும் கல்லூரிகளும் நம்மிடம் உண்டு, அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் இருக்கும் தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்று ஆண்டு: இரண்டு ஆண்டு உள்ளே தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறுபயிற்சி. முடிவில் கிடைப்பது தேசிய கற்பித்தல் டிப்ளோமா, பட்டம் இல்லை. ஆசிரியர் கலாசாலை இதிலிருந்து வேறு. அது ஏற்கெனவே நியமனம் பெற்ற ஆசிரியர்கள் இரண்டு ஆண்டு பயிற்சிக்குப் போகும் இடம். பேச்சில் இரண்டையுமே ‘ட்ரெயினிங் கொலேஜ்’ என்று விடுவதால் பல சுயவிபரக் கோவைகளில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தொழினுட்பக் கல்லூரியில் சான்றிதழ் மட்டத்திலும் அதற்கு மேலும் பாடநெறிகள் உள்ளன. அங்கே கல்லூரியின் பெயரைவிடத் தேசிய தொழிற்தகைமை மட்டம் எத்தனை என்பதே முக்கியம். மட்டம் 4 என்றால் தேர்ந்த தொழிலாளி, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். அரபுக் கல்லூரிகளில் கிதாபு ஓதி (மார்க்க நூல்களைப் படித்து) மௌலவியாக வெளியேறுகிறவர்களுக்கு அந்தக் கல்லூரி வழங்கும் சான்றிதழ் ஒன்று. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் அல்-ஆலிம் பரீட்சைச் சான்றிதழ் வேறொன்று. இரண்டும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும்.

கையில் உள்ள கடிதம் எந்தவகைக் கல்லூரியுடையது என்று சந்தேகம் வந்தால் தலைப்பைப் பார்க்காமல் அடியைப் பாருங்கள். கையொப்பமிட்டவர் ‘அதிபர்’ என்றால் பெரும்பாலும் பள்ளிக்கூடம். ‘பீடாதிபதி’ என்றால் கல்வியியற் கல்லூரி, அல்லது பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம். ‘பதிவாளர்’, ‘உபவேந்தர்’ என்றால் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதத்தில் கல்லூரியின் தலைவர் ‘முதல்வர்’. உள்ளே படிப்பிப்பவர் ஆசிரியரா, விரிவுரையாளரா, போதனாசிரியரா, அரபுக் கல்லூரி உஸ்தாதா என்பதும் அதையே சொல்லும். தொழினுட்பக் கல்லூரியின் தலைவரையும் சிலவேளை அதிபர் என்றே போடுவார்கள், அதனால் அங்கே மட்டும் பாடநெறியின் பெயரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனிப் படிவம். அமெரிக்கப் படிவம் ஒன்றில் ‘கொலேஜ் படித்தீர்களா?’ என்று கேட்டால், அது பட்டப்படிப்பைப் பற்றிய கேள்வி. நமது ஆள் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ ஒரு கல்லூரியில் சாதாரண தரத்தோடு (தரம் 11) நின்றவர், ‘ஆம்’ என்று போடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. அடுத்த வரி பட்டம் பெற்ற ஆண்டைக் கேட்கிறது. அவர் சாதாரண தரம் சித்தியடைந்த ஆண்டைப் போடுகிறார். பிறந்த ஆண்டோடு வைத்துப் பார்த்தால் 16 வயதில் பட்டம்! அங்கேதான் கோவை நின்றுபோகிறது. விளக்கம் கேட்டு மின்னஞ்சல், அதற்குப் பாடசாலையிலிருந்து ஒரு கடிதம், அந்தக் கடிதத்திலும் மேலே ‘கல்லூரி’. பிரித்தானியாவில் கொலேஜ் என்று வெறுமனே சொன்னால் பொதுவாக 16 வயதுக்குப் பிறகான படிப்பு, நமது உயர்தரம் மாதிரி. ஒக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அது பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பு. கனடாவில் கொலேஜ் என்பது பெரும்பாலும் தொழில்சார்ந்த டிப்ளோமா கொடுக்கும் இடம். ரொறொன்ரோவிலிருந்து பேரன் “கொலேஜ்ல படிக்கன்” என்றால் களுவாஞ்சிகுடியில் இருக்கிற அம்மம்மா இன்னும் ஸ்கூல் முடியவில்லையா என்று கவலைப்படுவார். பிரான்ஸில் கொலேஜ் 11 வயது முதல் 15 வயது வரையான நான்கு ஆண்டுகள்; அதற்குப் பிறகு லிசே. நமது வழக்கத்துக்குக் கிட்ட வருவது அதுதான்.

ஆகவே படிவத்தில் எழுத வேண்டிய முறை இது. கல்லூரியின் பெயரை அப்படியே எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே ‘இடைநிலைப் பாடசாலை, தரம் 6 முதல் 13 வரை’ என்று ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுகளைப் பாடசாலை விடுகைப் பத்திரத்தில் உள்ளபடி போடுங்கள், ஞாபகத்திலிருந்து போட வேண்டாம். பரீட்சையின் பெயரை முழுதாக எழுதிச் சுட்டெண்ணையும் ஆண்டையும் கொடுங்கள். கல்வி நிலையைத் தெரிவுசெய்யும் பெட்டியில், உயர்தரம் சித்தியடைந்தவர் மேல்நிலைக் கல்வி என்பதற்கு ஒத்ததைத் தெரிய வேண்டுமே தவிர ‘கொலேஜ்’ என்று இருப்பதைத் தொடக்கூடாது. பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல், பாடசாலை தன் ஆங்கில முத்திரையில் வைத்திருக்கிறதோ அதுதான். பற்றிமா, பாத்திமா, ஃபாத்திமா என்று ஆளுக்கொரு விதமாக எழுதினால் மூன்று பள்ளிக்கூடம் ஆகிவிடும். மகா வித்தியாலயத்தை மொழிபெயர்க்கவே வேண்டாம். ஒலியை மட்டும் எழுதுங்கள். ‘கிரேட் கொலேஜ்’ என்று எழுதிய பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பத்திரிகைக்கும் ஒரு பங்கு இருக்கிறது, கோபிக்க வேண்டாம். அமெரிக்கத் தேர்தல் வந்தால் ‘தேர்தல் கல்லூரி’ என்று ஒரு சொல் நமது பத்திரிகைகளில் தலைகாட்டுகிறது. 538 பேர் கொண்ட அந்தக் குழுவில் 270 பேரின் வாக்கு வேண்டும் என்பதுதான் செய்தி. அங்கே படிப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. தேர்வாளர் குழு என்றால் போதும். பாப்பரசரைத் தெரிவுசெய்கிற கர்தினால்மாருக்கும் குழுதான் பொருந்தும். வைத்திய நிபுணர்களின் ‘கல்லூரி’ அறிக்கை விட்டது என்று வருகிற செய்திகளும் அப்படியே. அது அந்தத் துறை நிபுணர்களின் சங்கம். வெளியாள் வாசித்தால் மாணவர்கள் ஏதோ போராடுகிறார்கள் என்று நினைப்பார். டொக்டரின் பெயர்ப்பலகையில் உள்ள எம்.ஆர்.சி.பி.யில் கொலேஜைக் குறித்து வரும் ‘சி’யும் இந்த வகைதான்: பரீட்சை எழுதி அந்தக் கழகத்தின் உறுப்பினராகிறார், லண்டனில் ஒரு கட்டடத்துக்குள் போய்ப் படித்தார் என்று பொருளில்லை.

எழுத்துப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்துக் கல்லூரி, அரபுக் கல்லூரி, தொழினுட்பக் கல்லூரி, இவற்றில் ‘க்’ வரும். மத்திய கல்லூரி, மகளிர் கல்லூரி, தேசிய கல்லூரி, இவற்றில் வராது. ‘மத்தியக் கல்லூரி’ என்று மதில் முழுக்கப் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்தால், பெயின்ற் செலவை நினைத்துத்தான் பேசாமல் போக வேண்டியிருக்கிறது.

கடைசியாக, கடைத்தெருவில் மேல்மாடியில் இரண்டு அறையோடு ‘கொலேஜ்’, ‘இன்டர்நெஷனல் கொலேஜ்’, ‘கம்பஸ்’ என்று பலகை தொங்கவிடுகிற இடங்கள். எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை; நல்ல கணினிப் படிப்பும் ஆங்கிலப் படிப்பும் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரைக் கொண்டு தகுதியை ஊகிக்க முடியாது. காசு கட்டுமுன் இரண்டு விஷயத்தைத் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று: ‘மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு’வில் அந்த நிறுவனம் பதியப்பட்டிருக்கிறதா, பதிவு இன்னும் காலாவதியாகவில்லையா? மற்றது, நீங்கள் சேரப்போகிற அதே பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா, எந்த மட்டத்துக்கு? பெரும்பாலானோர் ஏமாறுவது இரண்டாவதில். நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கையில் கிடைக்கும் பாடநெறிச் சான்றிதழில் மட்டமும் இருக்காது, இலக்கமும் இருக்காது. பட்டம் தருகிறோம் என்றால் கேள்வி வேறு: பட்டம் கொடுப்பது யார்? இலங்கைப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ உயர்கல்விக்குப் பொறுப்பான அமைச்சிடமோ விசாரிக்கலாம். வெளிநாட்டுப் பட்டமென்றால் அந்தப் பல்கலைக்கழகம் தன் நாட்டில் அங்கீகாரம் பெற்றதா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடமே கேட்கலாம். பதிலைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள், தொலைபேசிப் பேச்சு பின்னால் உதவாது.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். மாணவர் பற்றிய செய்தியில் கல்லூரியின் பெயரோடு தரத்தையும் ஒரு வார்த்தையில் போடுங்கள்: ‘தரம் 8 மாணவன்’, ‘உயர்தர மாணவி’, ‘இரண்டாம் ஆண்டு ஆசிரிய மாணவர்’. தமிழ்நாட்டுச் செய்தியை எடுக்கும்போது ‘கல்லூரி’யை விட்டுவைத்து, முதலாம் ஆண்டா மூன்றாம் ஆண்டா என்பதைச் சேர்த்தால் போதும். செய்தியாளருக்கு அது ஒரு தொலைபேசி அழைப்பு, அச்சில் அரை வரி.

இங்ஙனம்,
மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.